முதற்பக்கத்தை உள்ளே மடித்தவனுக்கு

மச்சான்,

இன்றைக்குக் காலையில் உன்னுடைய ரப்பர் வளையம் அறுந்து போயிற்று. பழைய சைக்கிள் டியூப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, பேப்பருக்குப் போடுவதற்காக நீ செய்துவைத்த வளையங்களில் ஒன்று. எட்டு வருசமாக என் போனின் உறையைச் சுற்றிக் கிடந்தது. இரண்டு நாளாகக் கடலில் தாழமுக்கம், புயலாகலாம் என்று போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. இடியப்பத்தை வாயில் வைத்தபடியே பொறுமை கெட்டு இழுத்தேன். டப்பென்று அறுந்து சம்பல் கோப்பைக்குள் விழுந்தது. சின்னவன் சிரித்தான். மகள் அதை எடுத்துக் கழுவி, துடைத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். ரப்பர் மணமும் அச்சு மையின் மணமும் இன்னும் போகவில்லை. மிச்சச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழும்பு பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். மற்றப் பேப்பர்காரர்கள் எண்ணி வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதிக்க, நீ மட்டும் என் போட்டோக்கொப்பிக் கடை வாசல் லைட்டுக்குக் கீழே குந்தியிருந்து முதலில் இருந்து கடைசி வரை வாசிப்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை இப்படி நீ வாசித்திருந்தால் இரண்டு பேருமே எங்கேயோ போயிருப்போம் என்று நான் நக்கலடிப்பேன். உனக்குக் கல்லடியில் நூற்றுச் சொச்சம் வீடுகள். எந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள், எந்த வீட்டில் ஆஸ்பத்திரியில் ஆள், எந்த வீட்டு மகன் வெளிநாட்டில் என்று எல்லாம் மனப்பாடம். கெட்ட செய்தி வந்த நாளில் அந்த வீடுகளுக்கு மட்டும் முதற்பக்கத்தை உள்ளே மடித்து, விளையாட்டுப் பக்கம் வெளியே தெரிய, வளையம் போட்டு எறிவாய். கிரிக்கெட்டில் தோற்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அண்டைக்கு சமையல் பக்கம்" என்றாய்.

"இது ஏமாத்து வேலைதானே?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஏமாத்தல்லடா. உள்ளுக்குத்தானே இரிக்கு. விரிச்சா தெரியும். செய்தி வரட்டும், ஆனா கதவைத் தட்டிட்டு வரட்டும்."

அப்போது அதை உன்னுடைய கிறுக்குகளில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதற்கு எதிரான கிறுக்கு இருந்தது. காலையில் கண் விழித்ததும் போன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போன். எங்கே பஸ் புரண்டது, எங்கே குண்டு விழுந்தது, எங்கே பிள்ளையைக் கொன்று கிணற்றில் போட்டார்கள் என்று தெரியாவிட்டால் எனக்கு ஏதோ கடமை தவறியது மாதிரி இருக்கும். நான் அதற்கு ஒரு பக்தியான பெயரும் வைத்திருந்தேன், ஜெபபாரம். பிறர் துன்பத்தை மனதில் சுமந்து ஜெபிப்பதாம். எங்கள் சபைக்காரரின் ஜெபக்குழு ஒன்று போனில் இருந்தது. ஒவ்வொரு கொடுமையும் அதற்குள் ஜெபக்குறிப்பு என்ற தலைப்போடு வரும், படத்தோடு. கீழே எல்லாரும் ஆமென் போடுவார்கள். நானும் போட்டுவிட்டு இன்னும் நான்கு பேருக்கு அனுப்புவேன்.

உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாயில் வட்டமாக இருந்து, ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, பிறகு நான் ஜெபிப்பேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சின்னவனுக்கு நான்கு, பாதி ஜெபத்தில் தூங்கி விழுவான். மகள் விழமாட்டாள். கையைக் கட்டி, கண்ணை இறுக மூடி, முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்குப் போனில் வந்ததை எல்லாம் நான் ஒன்று விடாமல் ஆண்டவரிடம் சொல்லுவேன். இத்தனை வயதுப் பிள்ளை, இப்படிச் செத்தது, தாய் இப்படி அழுதாள் என்று விவரமாகச் சொல்லுவேன். விவரம் கூடக் கூட பாரம் கூடும் என்று நினைத்தேன். வீட்டில் டிவி செய்தி போட்டால் மனைவி உடனே நிறுத்துவாள். ஜெபத்தை எப்படி நிறுத்துவாள்? கண்ணை மூடியிருக்கும் பிள்ளையால் காதைப் பொத்தவும் முடியாது. வேதம் பாரத்தை ஆண்டவர்மேல் வைக்கச் சொன்னால், நான் என் மகள்மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவள் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காலில் மாட்டியபடியே படுக்கத் தொடங்கினாள். மனைவி கழற்றிவிட்டால் விடியும்போது திரும்பப் போட்டிருப்பாள். பிறகு பள்ளிக்கூடப் பைக்குள் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் தம்பியின் ஒரு காற்சட்டையும். கேட்டால் "சும்மா" என்பாள். நான் பெருமையாகக்கூட நினைத்தேன், பிள்ளை பொறுப்பாக இருக்கிறாள் என்று. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதைக் கண்டுபிடித்தவன் நீதான். ஒரு காலையில் பேப்பரோடு கடைக்குள் வந்தாய். வழக்கமாகக் கேட்கும் பிளேன்டீயைக் கேட்கவில்லை.

"டேய், உன்ட மகள் இண்டைக்குக் கேற்றடியில நிண்டு என்னட்ட ஒண்டு கேட்டாடா. 'மாமா, பாலத்துக்கு அங்கால ஆக உசரமான இடம் எது?' எண்டு. நான் பகிடிக்கு டவுன் தண்ணித் தாங்கி எண்டன். புள்ள சிரிக்கல்ல. 'தம்பியால ஏற ஏலுமா?' எண்டு கேக்குறா. என்னத்தடா சொல்லிக் குடுக்கிறாய் வீட்டில?"

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஜெபம்தான் பண்ணுகிறேன் என்றேன். என்ன ஜெபம் என்று கேட்டாய். சொன்னேன். சொல்லி முடிக்குமுன் உன் முகம் மாறிவிட்டது.

"உங்கட ஆண்டவருக்கு பேப்பர் வாசிக்கத் தெரியாதாடா? நீ வாசிச்சுக் காட்டோணுமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கோயிலுக்கு வருசத்தில் ஒருநாள் திருவிழாவுக்குப் போகிற நீ எனக்கு ஜெபம் படிப்பிக்கிறாயா என்று கத்தினேன். உலகம் இப்படித்தான் இருக்கிறது, அதைத் தெரிந்துதான் பிள்ளை வளர வேண்டும் என்றேன். நாளையிலிருந்து என் வீட்டுக்குப் பேப்பர் போடாதே என்றும் சொன்னேன். கொப்பி எடுக்க வந்த ஒரு டீச்சர் அப்படியே திரும்பிப் போய்விட்டா. அடுத்த நாளும் என் கேற்றுக்குள் பேப்பர் விழுந்தது, முதற்பக்கம் உள்ளே மடிந்து. நான் எடுத்து விரித்து, வேண்டுமென்றே மேசையில் பரப்பி வைத்தேன்.

ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை.

அந்தக் கிழமை முடிகிற நாளில்தான் எங்கேயோ தூர தேசத்துக் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்ததாகப் போனில் வந்தது. நமக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை என்றும் அதிலேயே இருந்தது. அதை நான் வாசித்தேன், வாசித்தும் பாயில் இருந்து, அந்தக் கடல் எங்கள் கல்லடிக் கரைக்கு ஏறி வராமல் காத்தருளும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் இருக்கிற வீடு எங்களுடையது, வாவிப் பாலத்தைக் கடந்தால்தான் டவுன். மகள் சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளை. ஆனாலும் கடல் எப்படி வந்தது, யார் யார் போனார்கள், பாலத்தைக் கடந்தவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னபோது அவள் சொன்ன ஆமென் எனக்குக் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவுமில்லை.

அடுத்த நாள் பத்தரை மணிக்கு மனைவி கடைக்கு ஓடிவந்தாள். தலை கலைந்து, ஒரு கால் செருப்பு இல்லை. இடைவேளைக்கு வெளியே போன மகள் வகுப்புக்குத் திரும்பவில்லை. பக்கத்துப் பாலர் பாடசாலைக்குப் போய், அப்பா கேற்றில் நிற்கிறார் என்று சொல்லித் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவளைத் தெரிந்த டீச்சர் நம்பி அனுப்பிவிட்டா.

நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஜெபக்குழுவில் போட்டேன். "என் இரண்டு பிள்ளைகளையும் காணவில்லை, ஜெபியுங்கள்." பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். அன்றைக்குக் காற்று. அலை இரைந்துகொண்டிருந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எந்தப் பிள்ளையையும் காணவில்லை என்றார்கள். வாவிக்கரைக்கு வந்தேன். கரையை ஒட்டித் தண்ணீரில் நீலமாக ஒன்று மிதந்தது. சின்னவனின் பை நீலம். முழங்கால் தண்ணீர் வரை இறங்கிவிட்டேன். அது வலைக்குக் கட்டின நீலக் கேன். அதைத் தூக்கிக் கரையில் எறிந்தேன்.

கரைக்கு வந்து போனைப் பார்த்தால், வேறொருவர் அனுப்பிய செய்தி. கல்லடியில் இரண்டு பிள்ளைகளை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப் போனதாகவும், வான் பெரியகல்லாற்றுப் பக்கம் போனதாகவும், எல்லாரும் ஜெபிக்கும்படியும் இருந்தது. கீழே யாரோ இரண்டு பிள்ளைகளின் படம். என் பிள்ளைகள் இல்லை. மச்சான், நான்தான் நாற்பது நிமிடத்துக்கு முன் ஒரு வரி போட்டேன், அதுதான் வான் ஏறித் திரும்பி என்னிடமே வந்திருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ கண்டிருக்கிறார்கள் என்றே நம்பினேன். வருசக்கணக்காக எதைத் தின்றேனோ அதுதானே எனக்கு உலகம். பிள்ளை பயந்து ஓடியிருப்பாள் என்று தோன்றவில்லை. வான் என்றதும் உடனே பொருந்திவிட்டது.

தெற்கே பறந்தேன். காத்தான்குடியைத் தாண்டும்போது வெள்ளையாகத் தெரிந்த வான் ஒவ்வொன்றையும் மறித்தேன். பழம் ஏற்றி வந்த ஒரு முதலாளி இறங்கி ஏசத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே பின்கதவைத் திறந்து காட்டினார். "பாருங்க தம்பி, வாழைக்குலைதான்" என்றார். அவர் குரலில் இருந்த இரக்கம் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆரையம்பதிக்கு வந்தபோது வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். ஜெபிக்க வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விவரம் விவரமாக ஜெபித்தவனுக்கு, தன் பிள்ளைகளின் பெயருக்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் நீ அழைத்தாய். எடுத்ததும் உன் மூச்சு வாங்கல்தான் முதலில் கேட்டது.

"ரெண்டு பேரும் என்னோட இரிக்காங்கடா. ஒண்டும் இல்ல. ஒரு கீறலும் இல்ல. நீ மெல்லமா வா. மெல்லமா வா மனே."

டவுன் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, பூட்டின கம்பிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் உன் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். வகுப்பில் இருந்து அலைச் சத்தம் கேட்டதாம். தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாலம் முழுக்க நடந்து, வழியில் இரண்டு பேரிடம் தாங்கி எங்கே என்று கேட்டு வந்திருக்கிறாள். ஊரெல்லாம் வெள்ளை வானைத் தேட, அவள் கேட்ட கேள்வியை ஞாபகம் வைத்திருந்த நீ மட்டும் நேராக அங்கே சைக்கிளை விட்டிருக்கிறாய். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் என்னைத் தள்ளி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க அப்பா? கடல் வந்திட்டா?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளுடைய கணக்கில் அம்மா போய்விட்டாள். ஒன்பது வயதில், தாயை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் காப்பாற்றுவது என்று முடிவெடுத்து அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறாள். அந்த முடிவை அவளுக்குள் வைத்தவன் நான்.

அன்றைக்குப் பின்னேரம் கடைக்கு வந்தாய். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாய். சுனாமியில் உன் அக்கா போனது எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்துகொண்டாய் என்பது தெரியாது. மூன்று நாள் அக்காவைத் தேடி அலைந்தபின், நான்காம் நாள் சனம் பெயர்ப்பட்டியல் பார்க்கட்டும் என்று பேப்பர் கட்டை வாங்கப் போனாயாம். கட்டைப் பிரித்தால் முதற்பக்கத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களுக்குள் அக்காவின் சட்டை. "அண்டைக்கு ஒரு வீட்டுக்கும் மடிக்கலடா. எனக்கு மடிக்கத் தெரியல. அப்படியே எல்லா முகாமுக்கும் விரிச்சுக் குடுத்தன்" என்றாய். நான் உன் கையைப் பிடித்தேன். நீ அழவில்லை. உனக்கும் சேர்த்து நான்தான் அழுதேன்.

பிறகு சைக்கிள் ஹாண்டிலில் மாட்டியிருந்த வளையங்களில் ஒன்றை உருவி, என் போனுக்குப் போட்டுவிட்டாய். "சாப்பாடு முடியுமட்டும், ஜெபம் முடியுமட்டும். மறுகா திற. உலகம் எங்கயும் ஓடாது."

உடனே திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீ அங்கேயிருந்தே சிரிப்பாய். எத்தனை தரம் மலசலகூடத்துக்குள் கொண்டுபோய்த் திறந்து பார்த்திருக்கிறேன். குழுவில் இனிப் படம் போட வேண்டாம் என்று கேட்டதற்கு, பாரமில்லாத ஜெபம் ஜெபமா என்று ஒரு சகோதரர் என்னைக் கேட்டார். அன்றைக்கே குழுவைவிட்டு வெளியே வந்தேன். மகள் இன்னும் ஆறு மாதம் சப்பாத்தோடுதான் படுத்தாள். ஆனால் ஏழு மணி ஜெபத்தை மாற்றினோம். எதற்காக ஜெபிப்பது என்று முதலில் பிள்ளைகளைக் கேட்பேன். தூரத்தில் துன்பப்படுகிறவர்களை விடவில்லை, ஆனால் ஒரே வரி. மிச்சம் அவருக்குத் தெரியும். ஒருநாள் காலையில் சப்பாத்து இரண்டும் வாசலில் கிடந்ததைக் கண்டு மனைவி என்னை எழுப்பிக் காட்டினாள்.

போன வருசம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும்.

பிட்டு அவித்திருந்தது. நாங்கள் நால்வரும் மேசையில். என் போன் வளையம் போட்டபடி அலுமாரிக்கு மேல் விடாமல் அதிர்ந்தது. சாப்பிட்டு முடித்து முதலில் எழுந்தவன் நான். கையைக் கழுவிவிட்டு எடுத்துத் திறந்தேன். கடைத்தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள். பிரதான வீதி. ஒரு லொறி. உன் சைக்கிள். அன்றைய பேப்பர்கள் ரோடு முழுக்க விரிந்து கிடந்தன. நடுவில் நீ. உன் முகத்தில்கூட யாரும் ஒரு துணி போட்டிருக்கவில்லை. துணி போடுமுன் படம் எடுத்திருக்கிறார்கள்.

போனைக் குப்புறப் பிடித்தேன். மகள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, பரீட்சைக்கு இரண்டு கிழமை. முடிக்கட்டும் என்று நினைத்தேன். தட்டிட்டு வரட்டும் என்று நினைத்தேன். வளையத்தைத் திரும்பப் போட்டு, கதிரையில் உட்கார்ந்து, சின்னவனின் கதைக்குத் தலையை ஆட்டினேன். கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சின்னவன் எழுந்து முற்றத்துக்குப் போனான். அவளும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, கையைத் துடைத்தாள்.

"மகள், இஞ்ச வந்து இரும்மா. ஒரு செய்தி இரிக்கு."

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்குக் கீழே இருந்த என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"தெரியும் அப்பா. ஒழும்பின உடனே என்ட போனுக்கு வந்திட்டு. நீங்க சாப்பிட்டு முடியட்டும் எண்டுதான் சொல்லல்ல." பிறகு, குரல் உடைந்து, "நீங்க அந்தப் படத்தைப் பார்க்க முந்தி உங்கட போனில இருந்து அழிக்கலாம் எண்டு எடுத்தன். தம்பி வந்திட்டான்" என்றாள்.

ஒரு தட்டுப் பிட்டை, உன் படத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு, என் முன்னால் இருந்து அவள் விழுங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் முதற்பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உனக்காக அழுதேன், பாலத்தில் நடந்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்காகவும் அழுதேன். பிறகு இருவருமாக முற்றத்துக்குப் போய், பந்து விளையாடிக்கொண்டிருந்த சின்னவனை உட்காரவைத்து, மெல்லச் சொன்னோம். அந்தப் படத்தை அவன் இன்றுவரை பார்க்கவில்லை.

அறுந்த வளையம் இதோ இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெளியே காற்று எழும்பியிருக்கிறது, போன் குப்புறக் கிடந்து அதிர்கிறது. சாப்பாடு முடிந்ததும் அரச வானிலை அறிவித்தலை ஒருமுறை பார்ப்பேன், அவ்வளவுதான். சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப் கேட்டு வைத்திருக்கிறேன். வெட்டித் தருகிறேன் என்று மகள் சொன்னாள், தனக்கும் ஒன்று வேண்டுமாம்.

ஏழு மணிக்கு ஜெபம். இன்றைக்கும் எதற்காக ஜெபிப்பது என்று கேட்பேன். சின்னவன் புயல் என்பான். மகள் ஒவ்வொரு நாளும் போல உன் பெயரைச் சொல்லுவாள். நானும் உன் பெயரைச் சொல்லுவேன், மச்சான். பெயரை மட்டும்தான். விவரம் ஒன்றும் சொல்லுவதில்லை.